எடை குறைஞ்சா போதுமா? கல்லீரல் கொழுப்பும் கரையும் தசையும்



அண்ணாகிராமம் வட்டாரத்தில் குழுக் கூட்டங்களுக்குப் போகும்போது சமீப காலமாக ஒரு பேச்சு அடிக்கடி காதில் விழுகிறது. "ஸ்கேன் எடுத்தேன், ஈரல்ல கொழுப்பு படிஞ்சிருக்குன்னு எழுதிட்டாங்க." பெரும்பாலும் இவர்கள் ஈரலுக்காக ஸ்கேன் எடுக்கப் போனவர்கள் இல்லை. பித்தப்பைக் கல், கர்ப்பப்பைக் கட்டி, வயிற்று வலி என்று வேறு எதற்கோ போன இடத்தில், தாளின் கடைசியில் "ஃபேட்டி லிவர், கிரேடு ஒன்று" என்று ஒரு வரி இருந்திருக்கும்.

டாக்டர் என்ன சொல்கிறார்? எடையைக் குறைங்க என்கிறார். வீட்டுக்கு வந்த நம் சகோதரி முதலில் ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்துகிறார். அப்புறம் முட்டையில் கொழுப்பு என்று முட்டையையும், மல்லாட்டையில் எண்ணெய் என்று மல்லாட்டையையும் நிறுத்துகிறார். காலையில் ஒரு டம்ளர் டீ, மதியம் சோறும் ரசமும், அவ்வளவுதான். மூன்று மாதத்தில் நான்கு கிலோ குறைகிறது. எல்லோரும் "நல்லா இளைச்சிட்டியே" என்று பாராட்டுகிறார்கள். ஆனால் குடத்தை இடுப்பில் தூக்க முடியவில்லை. தரையிலிருந்து எழும்போது முழங்காலில் கையை ஊன்ற வேண்டியிருக்கிறது.

அந்த நான்கு கிலோ எங்கிருந்து குறைந்தது? கொழுப்பிலிருந்தா, தசையிலிருந்தா? இதைப் பற்றித்தான் இந்த மாதம் உங்களோடு பேச நினைக்கிறோம்.

சதை வேறு, ஊளைச்சதை வேறு

நம் பேச்சில் ஒரு குழப்பம் இருக்கிறது. "அவளுக்குச் சதை போட்டிருக்கு" என்றால் குண்டாகிவிட்டாள் என்று அர்த்தம். உடம்புக்கு வலுவைக் கொடுக்கும் தசையையும் சதை என்றுதான் சொல்கிறோம். நல்ல வேளையாக ஊளைச்சதை என்று ஒரு சொல் இருக்கிறது. அந்தத் தொளதொளப்புதான் கொழுப்பு.

கறிக்கடையில் நாம் ஏமாறுவதில்லை. "கொழுப்பு வேணாம்ணே, தனிக்கறியா போடுங்க" என்று பார்த்துப் பார்த்து வாங்குகிறோம். தராசுக்கு அது தெரியாது. தனிக்கறி ஒரு கிலோவும் ஒரு கிலோதான், கொழுப்பு ஒரு கிலோவும் ஒரு கிலோதான். நம் உடம்பை எடை மிஷினில் நிறுத்திப் பார்க்கும்போதும் இதேதான். 55 கிலோ என்று காட்டும். அதில் தசை எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு என்று காட்டாது.

இதற்கு நம் நாட்டிலேயே ஒரு புகழ்பெற்ற உதாரணம் உண்டு. புனே கே.இ.எம். மருத்துவமனையைச் சேர்ந்த டாக்டர் யாஜ்னிக்கும், லண்டனைச் சேர்ந்த டாக்டர் யுட்கினும் நண்பர்கள். உயரத்தையும் எடையையும் வைத்துப் போடும் பி.எம்.ஐ. கணக்கு இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி 22.3 வந்தது. பார்க்க இரண்டு பேருமே ஒல்லிதான். ஆனால் உடம்புக் கொழுப்பை அளந்தபோது யுட்கினுக்கு 9.1 சதவீதம், நம் யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம்! 2004-ல் லான்செட் மருத்துவ இதழில் இரண்டு பேரும் தங்கள் படத்தோடேயே இதை வெளியிட்டார்கள்.

யாஜ்னிக் குழுவினர் பிறந்த குழந்தைகளையும் அளந்தார்கள். புனே பக்கத்துக் கிராமக் குழந்தைகள் சராசரியாக 2.7 கிலோ, இங்கிலாந்துக் குழந்தைகள் 3.5 கிலோ. நம் குழந்தைகளுக்கு அந்தக் குறைவு பெரும்பாலும் தசையிலும் உறுப்புகளிலும் இருந்தது. கொழுப்பு அந்த அளவுக்குக் குறையவில்லை. ஆக, கை கால் மெலிந்து, உள்ளே கொழுப்பு சேர்ந்த உடம்பு நமக்குத் தாய் வயிற்றிலேயே தொடங்குகிறது. கர்ப்பிணி மருமகளுக்கு முட்டையும் பருப்பும் கொடுப்பது பேரப்பிள்ளையின் தசைக்கும் சேர்த்துத்தான் என்பதை மாமியார்கள் கவனிக்க வேண்டும்.

குடிக்காதவங்களுக்கு எப்படி வந்துச்சு?

எந்தக் கூட்டத்திலும் முதலில் வரும் கேள்வி இதுதான். "குடிக்கிறவங்களுக்குத்தானே ஈரல் கெடும்? நான் ஒரு சொட்டு தொட்டதில்லையே?" இந்த நோய் வந்தது தெரிந்தால் ஊர் என்ன பேசுமோ என்று ஸ்கேன் தாளையே ஒளித்து வைத்தவர்களையும் பார்த்திருக்கிறோம். வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை. குடியால் ஈரலில் கொழுப்பு சேரும், அது உண்மை. ஆனால் சர்க்கரை நோய், தொப்பை, அதிகமான மாவுச்சத்து, உடல் அசைவு குறைவு இவற்றாலும் சேரும். சென்னையில் 2009-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், பரிசோதித்தவர்களில் நூற்றுக்கு 32 பேருக்குக் குடியோடு தொடர்பில்லாத கல்லீரல் கொழுப்பு இருந்தது.

அது பட்டணம், நாம் வயலில் உழைப்பவர்கள் என்று விட்டுவிட முடியாது. மேற்கு வங்கத்தின் கிராமப்புறத்தில் 1,911 பேரைப் பரிசோதித்து 2010-ல் வெளியிட்டார்கள். நூற்றுக்கு 8 அல்லது 9 பேருக்கு இந்நோய் இருந்தது. எண்ணிக்கை குறைவுதான், ஆனால் யாருக்கு இருந்தது என்பதுதான் விஷயம். நோய் இருந்தவர்களில் பாதிக்கும் மேல் (54 சதவீதம்) எடையும் கூடுதலாக இல்லை, தொப்பையும் இல்லை. ஏழை உழைப்பாளி ஜனங்கள். "நான் ஒல்லி, எனக்கு வராது" என்ற நினைப்பை இந்த ஆய்வு உடைத்துவிட்டது.

தசைக்கும் ஈரலுக்கும் என்ன சம்பந்தம்?

நாம் சாப்பிடும் சோறு, இட்லி, டீயில் போடும் சர்க்கரை எல்லாம் கடைசியில் ரத்தத்தில் சர்க்கரையாகத்தான் போய்ச் சேரும். அந்தச் சர்க்கரையை வாங்கி வைத்துக்கொள்ளும் பெரிய குதிர் நம் தசைதான். தொடை, பிட்டம், முதுகு, தோள் என்று உடம்பு முழுக்க இருக்கும் தசைகள் உழைக்கும்போது அதைச் செலவழிக்கின்றன. ஈரல் ஒரு சின்ன அறை மாதிரி. கொஞ்சம்தான் வைத்துக்கொள்ளும்.

குதிர் சிறுத்துப்போனால் அறுவடை நெல்லை எங்கே கொட்டுவது? சின்ன அறையில்தான் திணிக்க வேண்டும். தசை குறைந்த உடம்பில் ஈரலுக்கு இந்தக் கதிதான். வந்த சர்க்கரையை வைக்க இடமில்லாமல் அதைக் கொழுப்பாக மாற்றித் தன்னிடமே அடுக்குகிறது. ஆட்டு ஈரல் நல்லதாக இருந்தால் கருஞ்சிவப்பாக இருக்கும், பார்த்திருப்பீர்கள். கொழுப்பேறிய ஈரல் வெளுத்து மஞ்சள் பூக்கும். மனித ஈரலும் அப்படித்தான்.

இது ஒருவழிப் பாதை இல்லை. கெட்டுப்போன ஈரலால் தசையும் தேய்கிறது. ஈரலில் அழற்சி வந்தால், இன்சுலின் சரியாக வேலை செய்யாவிட்டால், தசை புதிதாக வளர்வது மந்தமாகும். தசைக்குள்ளேயே கொழுப்பு புகுந்து உட்காரும். கை பார்க்கப் பருமனாகத்தான் இருக்கும், பிடியில் வலு இருக்காது. குண்டாக இருப்பவருக்குத் தசை குறையாது என்று நினைக்கவே கூடாது. ஊளைச்சதைக்கு அடியில் தசை தேய்வது வெளியே தெரியாது, அதனால் அவருக்குத்தான் ஆபத்து அதிகம்.

தென்கொரியாவில் 2008 முதல் 2011 வரை நடந்த தேசியக் கணக்கெடுப்பில் 15 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் விவரங்களைப் பார்த்தார்கள். குண்டோ ஒல்லியோ, தசை குறைந்தவர்களுக்குக் கல்லீரல் கொழுப்பு அதிகமாக இருந்தது. ஈரலில் தழும்பு விழுவதும் தசை குறைந்தவர்களிடம் அதிகம் என்று அதே நாட்டு ஆய்வுகள் சொல்கின்றன.

நம் பெண்களுக்கு இன்னொரு சங்கடம். நாற்பது வயதைத் தாண்டினால் எல்லோருக்குமே தசை மெல்ல மெல்லக் குறையும். மாதவிலக்கு நின்றபின் கொழுப்பு இடுப்பிலிருந்து வயிற்றுக்கு இடம் மாறும். சின்ன வயதிலேயே கர்ப்பப்பையோடு சூலகங்களையும் எடுத்துவிட்டவர்களுக்கு இது முன்னாடியே வந்துவிடும்.

டெய்லர் டேப்பும் ஒரு நாற்காலியும்

தசையைச் சரியாக அளக்கப் பெரிய ஆஸ்பத்திரிகளில் கருவிகள் உண்டு. நமக்கு இப்போதைக்கு ஒரு டெய்லர் டேப்பும், கைப்பிடி இல்லாத ஒரு நாற்காலியும், செல்போனில் இருக்கும் கடிகாரமும் போதும். டெய்லரிங் பயிற்சி முடித்த உறுப்பினர் இல்லாத குழு எது?

முதலில் இடுப்புச் சுற்றளவு. புடவைக் கட்டுக்கு மேலே, கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்புக்கும் நடுவில், மூச்சை விட்டபின் அளக்க வேண்டும். பெண்களுக்கு 80 சென்டிமீட்டர், அதாவது முப்பத்தொன்றரை அங்குலம். ஆண்களுக்கு 90. இதைத் தாண்டினால் வயிற்றுக்குள் கொழுப்பு சேர்கிறது. வயிற்றை எக்கிக்கொண்டு அளந்தால் டேப்பை ஏமாற்றலாம், ஈரலை ஏமாற்ற முடியாது!

அடுத்தது கெண்டைக்கால். நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு கைகளின் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து ஒரு வளையம் ஆக்கி, கெண்டைக்காலின் பருத்த இடத்தில் வையுங்கள். வலது கைப் பழக்கம் உள்ளவர் இடது காலில் பார்க்கலாம். வளையம் தொளதொளவென்று நின்றால் தசை குறைவு. ஜப்பானில் வயதானவர்களுக்குச் சொல்லித்தரும் முறை இது. டேப்பில் அளந்தால் பெண்களுக்கு 33 சென்டிமீட்டருக்குக் கீழே போகக் கூடாது. காலில் நீர் வீக்கம் இருப்பவர்களுக்கு இந்த இரண்டுமே ஒத்து வராது.

மூன்றாவது, எழுந்து உட்காருவது. கைகளை மார்பில் கட்டிக்கொண்டு, எதையும் பிடிக்காமல் நாற்காலியிலிருந்து ஐந்து தடவை எழுந்து உட்கார வேண்டும். 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் தசை வலு குறைந்திருக்கலாம் என்று 2019-ல் ஆசிய நாட்டு மருத்துவர் குழு அளவு வைத்தது. மூட்டு வலியால் நேரம் ஆனால் அது வேறு கணக்கு. இவை எதுவும் நோயை முடிவு செய்யும் சோதனை அல்ல, டாக்டரிடம் கேட்க ஒரு காரணம் கிடைக்கும், அவ்வளவுதான்.

ரேஷன் பருப்பின் கணக்கு

இப்போது சாப்பாட்டுக்கு வருவோம். தசை புரதச்சத்தால் ஆனது. 50 கிலோ எடையுள்ள ஒரு பெண்ணுக்கு நாளைக்கு 40 முதல் 50 கிராம் புரதம் வேண்டும். நம் சாப்பாட்டில் எவ்வளவு இருக்கிறது? குழுக் கணக்கு எழுதுகிற மாதிரியே இதையும் எழுதிப் பார்ப்போம்.

ஒரு நாளைக்கு மூன்று வேளைக்கும் சேர்த்து 300 கிராம் அரிசி என்றால் சுமார் 22 கிராம் புரதம். ரேஷனில் மாதம் ஒரு கிலோ துவரம் பருப்பு 30 ரூபாய்க்குத் தருகிறார்கள். நான்கு பேர் உள்ள வீட்டில் அதை 30 நாளைக்குப் பிரித்தால் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 8 கிராம் பருப்பு. அதில் புரதம் 2 கிராம்கூட வராது. சாம்பார் வைத்தோம் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம், அது பெரும்பாலும் புளித் தண்ணீர்தான். டீக்கும் மோருக்கும் பாலைச் சேர்த்தால் இன்னும் 5 கிராம். ஆகமொத்தம் 30 தொடவில்லை. அதிலும் வீட்டில் எல்லோரும் சாப்பிட்டபின் சட்டியை வழித்துச் சாப்பிடுவது யார்? குழம்பில் இருந்த பருப்பும் மீன் துண்டும் யார் தட்டுக்குப் போயின? நாங்கள் சொல்லத் தேவையில்லை.

இந்த 10, 20 கிராம் பற்றாக்குறையை அடைக்கப் புரோட்டீன் பவுடர் டப்பா வேண்டாம். ஒரு முட்டையில் 6 கிராம். ஒரு கைப்பிடி வேகவைத்த மல்லாட்டையில் 7 கிராம். சுண்டலுக்கு ஊறவைக்கும் கடலை ஒரு கைப்பிடி என்றால் 6 கிராம். மீல்மேக்கர் என்று கடையில் விற்கும் சோயா உருண்டையில் பாதிக்குப் பாதி புரதம்தான். கடலூர் முதுநகரிலிருந்து வண்டியில் வரும் மத்தி, கவலை மீன் நூறு கிராமில் 18 கிராமுக்குக் குறையாது. (பேர்தான் கவலை!) குழம்பு வையுங்கள், எண்ணெயில் மிதக்க விட்டுப் பொரிக்க வேண்டாம். கருவாட்டிலும் புரதம் உண்டு, உப்பும் உண்டு, ரத்தக்கொதிப்பு உள்ளவர்கள் யோசிக்கணும். முட்டையும் மல்லாட்டையும் ஈரலுக்கு ஆகாது என்ற பேச்சை விட்டுவிடுங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது.

குறைக்க வேண்டியது எது? தட்டில் இரண்டாவது தடவை போடும் சோறு. அப்புறம் சர்க்கரை. நாளைக்கு 25 கிராம், அதாவது ஐந்து, ஆறு டீஸ்பூனுக்குள் சர்க்கரை இருந்தால் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2015-ல் சொன்னது. நான்கு டீ குடித்து, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் போட்டால் எட்டு. பிஸ்கட்டும் கலர் பாட்டிலும் தனி. பண்ருட்டிப் பலாவை விடச் சொன்னால் எங்களை ஊருக்குள் விட மாட்டீர்கள். சீசனில் இரண்டு மூன்று சுளையோடு நிறுத்திக்கொள்ளுங்கள், சர்க்கரை நோயாளிகள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். பலாக்கொட்டையில் பழத்தைவிடப் புரதம் அதிகம், மாவுச்சத்தும் உண்டு. குழம்பில் போட்டால் அன்றைக்குச் சோற்றைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

நாள் பூரா வேலைதானே செய்யுறோம்?

கோபத்தோடு கேட்கப்படும் கேள்வி இது. நியாயமான கோபம்தான். ஆனால் வேலை மாறிவிட்டது. நெல் அறுவடை மிஷினுக்குப் போய்விட்டது. முந்திரிக்கொட்டை உடைக்கும் சகோதரிகள் காலையிலிருந்து மாலை வரை உட்கார்ந்த இடத்திலேயே இருக்கிறார்கள். கரும்புக்குச் சோகை உரிப்பது, களை எடுப்பது எல்லாம் முதுகை ஒடிக்கும் வேலைதான், ஆனால் தொடைக்கும் தோளுக்கும் வலு கூட்டும் வேலை இல்லை. அலுப்பு வேறு, தசைக்குப் பயிற்சி வேறு.

இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் கல்லீரல் கொழுப்பு உள்ளவர்களுக்கு எட்டு வாரம் பளு தூக்கும் பயிற்சி கொடுத்துப் பார்த்து 2011-ல் எழுதினார்கள். சின்ன ஆய்வுதான். அவர்கள் எடை குறையவே இல்லை. ஆனால் ஈரல் கொழுப்பு இருந்ததில் 13 சதவீதம் குறைந்திருந்தது. எடை மிஷினை மட்டும் பார்த்திருந்தால் ஒன்றும் நடக்கவில்லை என்றுதான் நினைத்திருப்பார்கள்.

வாரத்தில் இரண்டு மூன்று நாள், பத்து பதினைந்து நிமிடம் போதும். நாற்காலியிலிருந்து பத்து தடவை எழுந்து உட்காருங்கள். சுவரில் இரண்டு கையையும் ஊன்றி, முழங்கையை மடக்கி நெஞ்சைச் சுவர் பக்கம் கொண்டுபோய்த் தள்ளுங்கள். கிரைண்டரைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்குங்கள். தண்ணீர் நிரப்பிய ஒரு லிட்டர் பாட்டிலைக் கைக்கு ஒன்றாகத் தோளுக்கு மேலே தூக்குங்கள். இதோடு தினமும் அரை மணி நேரம் வேகமாக நடக்க வேண்டும். ராத்திரிச் சாப்பாட்டை விட வேண்டாம், நேரத்தோடு சாப்பிட்டால் போதும். எடை கூடுதலாக உள்ளவர்கள் வாரத்துக்கு அரைக் கிலோ குறைந்தால் சரி. இருக்கும் எடையில் நூற்றுக்கு ஐந்து பங்கு குறைந்தாலே ஈரல் கொழுப்பு இறங்கத் தொடங்கும், ஏழு முதல் பத்து குறைந்தால் அழற்சியும் தணியும். எடை குறைக்கும் ஊசி பற்றியும் சிலர் கேட்கிறார்கள். அதில் கொழுப்போடு தசையும் சேர்ந்து குறைவதுண்டு, டாக்டர் எழுதாமல் தொடவே வேண்டாம்.

யாரிடம் கேட்பது?

கல்லீரல் கொழுப்பைத் தொற்றா நோய்த் திட்டத்தில் மத்திய அரசு 2021 பிப்ரவரியில் சேர்த்துவிட்டது. அதே ஆண்டு ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் வீடு வீடாக வரும் தன்னார்வலர்கள் நம்மைப் போன்ற குழுக்களிலிருந்து போன பெண்கள்தான். பிரஷரும் சுகரும் பார்க்க வரும்போது, சுகர் இருக்கிறது, இடுப்பளவும் கூடியிருக்கிறது என்று சொல்லி, ஈரலுக்கும் பார்க்க வேண்டுமா என்று கேளுங்கள். ரத்தப் பரிசோதனையில் எஸ்.ஜி.பி.டி. சரியாக இருந்தாலும் கொழுப்பு இருக்கலாம், ஸ்கேனில்தான் தெரியும். தழும்பு விழுந்திருக்கிறதா என்று பார்க்கக் கடலூர் அரசு தலைமை மருத்துவமனை, சிதம்பரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, புதுச்சேரி ஜிப்மர் இவற்றில் எங்கே போகலாம் என்று ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரே எழுதித் தருவார்.

நாட்டு மருந்து விஷயத்தில் ஒரு வார்த்தை. ஈரல் என்றாலே கீழாநெல்லி என்று ஓடுகிறோம். அது மஞ்சள் காமாலைக்கு என்று நம் பாட்டிமார் சொன்னது, கொழுப்பு வேறு விஷயம். கொரோனா காலத்தில் சீந்தில் கஷாயம் குடித்த சிலருக்கு ஈரலே பாதிக்கப்பட்டதாக மும்பை மருத்துவர்கள் 2021-ல் எழுதினார்கள். எதைக் குடித்தாலும் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

ஏற்கெனவே ஈரல் சுருக்கம் வந்துவிட்டவர்கள் உங்கள் குடும்பத்தில் இருந்தால் இதை மட்டும் மறக்காதீர்கள். அவர்களுக்குப் பட்டினி கூடவே கூடாது. முன்பு பருப்பு, முட்டையைக் குறைக்கச் சொல்வார்கள். இப்போது அப்படி இல்லை, ஒரு கிலோ எடைக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம் என்று கூட்டித்தான் சொல்கிறார்கள். ராத்திரி படுக்கும் முன் ஒரு டம்ளர் பாலோ, கொஞ்சம் சுண்டலோ, இரண்டு இட்லியோ கொடுக்க வேண்டும். இல்லையென்றால் ராத்திரி முழுக்க உடம்பு தன் தசையையே எடுத்துத் தின்னும். வயிறும் காலும் வீங்கினாலோ, கண் மஞ்சளானாலோ, ரத்த வாந்தி எடுத்தாலோ, மலம் தார் போலக் கறுத்துப் போனாலோ, பேச்சு தடுமாறி ஆள் அடையாளம் தெரியாமல் விழித்தாலோ விடியட்டும் என்று காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். வண்டி வந்ததும் அதுவரை எடுத்த ஸ்கேன் தாள், மாத்திரைச் சீட்டு எல்லாவற்றையும் கையோடு கொண்டு போங்கள்.